எஸ்தருக்குத் தபாலில் வந்த பாடங்கள்

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். முன் ஸீட்டில் இருந்த அம்மாள் முழங்காலில் மூட்டுவலித் தைலம் தடவிக்கொண்டு ஏறியிருந்தார். ஜன்னல் காற்று அந்த வாசனையை நேரே என் மூக்குக்குக் கொண்டுவந்தது. பக்கத்திலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். என் கை மட்டும் தானாகப் பைக்குள் போய், கத்தரிக்காய்க்கும் கொத்தமல்லிக் கட்டுக்கும் நடுவில் எதையோ துழாவியது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது, அது பென்சிலைத் தேடுகிறது என்று.

தைலத்துக்கும் பென்சிலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவை இரண்டும் ஒரே ஸ்டூலின் மேல் இருந்தன. தைலம் பட்ட பென்சில் விரலில் வழுக்கும். அந்த விரல் நோட்டில் பட்டால் காகிதத்தில் எண்ணெய்த் திட்டு விழும். திட்டு விழுந்த இடத்தில் எழுத்து ஏறாது. என் மகள் எஸ்தர் அந்தத் திட்டுகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள், மழைநாளில் பள்ளத்துத் தண்ணீரைச் சுற்றி நடப்பது போல.

இதெல்லாம் நடந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. ஐந்து வருஷத்துக்கு முந்தியதைப் போய் அந்தக் காலம், அந்த நாள் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வயதில் பழங்கதை பேசுகிறாள் என்று சிரிக்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பதினான்கு வயதாவதற்குள் ஒரு யுகம் போய்விடுகிறது. பெற்றவளுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு தெரியும்.

அப்போது நாங்கள் பிரேசர் டவுனில் இருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு, நடுவில் ஒரு குழாய். காலையில் சர்ச் மணி, அதற்குப் பின்னால் தெருக்கோடி பேக்கரியிலிருந்து ரஸ்க் வேகும் வாசனை, அதற்கும் பின்னால் ஃபாக்டரி பஸ்ஸின் ஹாரன். அந்த பஸ்ஸில்தான் எஸ்தரின் அப்பா போவார். அவருக்கு வேலை செக்கிங்கில். மற்றவர்கள் செய்துவைக்கும் சின்னச்சின்ன இரும்புச் சாமான்களை அளவுகோல் வைத்துப் பார்த்து, சரியானதை ஒரு தட்டிலும் தப்பானதை ஒரு தட்டிலும் போடவேண்டும். வீட்டிலும் அவருக்கு அதே பழக்கம். இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிடுவார்.

எஸ்தர் நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டில் தொண்டை வலி என்றாள். அது போனது, காய்ச்சல் வந்தது. முழங்கால் வீங்கியது, அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. டாக்டர் அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் எடுக்காமல் இருந்தார். அவர் எடுக்காத ஒவ்வொரு நொடிக்கும் நான் ஒரு ஜெபம் சொன்னேன். மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டிருக்கிறது, பயப்படவேண்டாம், ஆனால் பல மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். பயப்படவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்குத்தான் நான் நன்றாகப் பயப்படுவேன்.

ஜன்னலோரம் கட்டில் போட்டோம். பள்ளிக்கூடத்துக்குத் தகவல் சொல்லப் போனபோது ஹெட்மிஸ்ட்ரஸ் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அவருக்கும் சட்டம் இருந்தது.

“பாருங்கம்மா, வருஷம் பூரா வராத பிள்ளைய அஞ்சாவதுக்கு எப்படி ஏத்துறது? ஜூன்ல நானே ஒரு டெஸ்ட் வெக்கிறேன். அரித்மெடிக், இங்கிலீஷ், ரெண்டு போதும். பாஸ் பண்ணா அஞ்சாவது. இல்லன்னா திரும்ப நாலாவது.”

நாலாவது என்றால்கூடப் பரவாயில்லைதான். வீட்டில் பேச்சு வேறு மாதிரிப் போயிற்று. நீலசந்திராவிலிருந்து என் நாத்தனார், எஸ்தர் அப்பாவின் அக்கா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். வந்து கட்டிலோரம் உட்கார்ந்து எஸ்தரின் காலைப் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டுக்கொண்டே பேசுவார்.

“இன்னாம்மா இது, நோவுல கெடக்குற பிள்ளைய வாய்ப்பாடு சொல்லு வாய்ப்பாடு சொல்லுன்னு உயிர வாங்குற? இதயம் வீக்கா கீதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா? ஊட்லயே இருக்கட்டும். தையல் கத்துக்கட்டும். படிச்சி இவ இன்னா கலெக்டர் ஆவப்போறாளா?”

“ஏன் அத்தை, ஆவக் கூடாதா?” என்று கட்டிலிலிருந்து எஸ்தர் கேட்டாள்.

“ஆவுடி, ராஜாத்தி. மொதல்ல எந்திரிச்சி நட.”

எஸ்தரின் அப்பா இரண்டு பேச்சையும் கேட்டுக்கொண்டு, செக்கிங் மேஜையில் உட்கார்ந்திருப்பவர் போலத் தீர்ப்புச் சொன்னார். “ஜூன்ல டெஸ்ட் எழுதட்டும். பாஸ் ஆனா போவட்டும். இல்லன்னா உடம்பு தேறட்டும்னு வீட்டுல வெச்சுக்கலாம். அவசரம் ஒண்ணுமில்ல.”

அவசரம் ஒன்றுமில்லை என்ற வார்த்தை எனக்குத் தெரியும். நான் இரண்டாவது ஃபாரம், அதாவது ஏழாவது வகுப்பு, முடித்த வருஷம் என் அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், ‘ஒரு வருஷம் வீட்டில் இரு, பிறகு சேர்ந்துக்கலாம்’ என்று என் அப்பாவும் சொன்னார். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. அதை நான் வெளியில் சொல்லவில்லை. நாத்தனார் சொல்வதிலும் நியாயம் இருக்குமோ என்று ஒரு பயம் வேறு. கணக்குப் போட்டுப் போட்டுப் பிள்ளையின் இதயம் களைத்துவிட்டால்? ராத்திரி அவள் தூங்கியபின் நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். எண்ணும்போதே என் நாடியும் கூடத் துடித்து, எது அவளுடையது என்று தெரியாமல் போகும்.

பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மதராஸில் ஒரு தபால் பாடசாலை. வீட்டிலிருந்தே கணக்கும் இங்கிலீஷும். மொத்தம் இருபத்துநாலு பாடம். ஒரு பாடத்தைப் படித்து, கடைசியில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால், திருத்தி அடுத்த பாடத்தோடு திருப்பி அனுப்புவார்கள். முதல் கட்டின் மேலேயே விதிகள் அச்சாகியிருந்தன. மாணவர் ஒரு பாடத்துக்கு எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பாடம் தெளிவாகாமல் அடுத்ததற்குப் போகக் கூடாது. பதில்களை மையால், ஓரம் விட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும்.

மூன்றாவது விதியில்தான் வினை இருந்தது.

கூடவே ஒரு முன்னேற்ற அட்டையும் வந்தது. இருபத்துநாலு கட்டம், ஒவ்வொன்றும் கணக்குக்குப் பாதி, இங்கிலீஷுக்குப் பாதி. பாடம் திருத்தி வரும்போதெல்லாம் ஒரு சின்னச் சீட்டில் மதிப்பெண் வரும். அதைக் கட்டத்தில் ஒட்டவேண்டும். அட்டையைக் கட்டிலுக்கு நேர் எதிரே சுவரில் மாட்டினேன். தபால்காரர் கன்னடக்காரர். ஜன்னல் வழியாகவே கட்டை உள்ளே நீட்டி, “பாப்பா, நின் ஸ்கூல் பந்து!” என்பார். உன் பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்று அர்த்தம். எஸ்தர் படுத்தபடியே சல்யூட் வைப்பாள்.

அவளுக்கு மணிக்கட்டு வலி. பேனாவை மையில் தோய்த்துக் கோட்டின் மேல் எழுத முடியாது. அதனால் ஒரு ரஃப் நோட்டில் பென்சிலால் கிறுக்கிவைப்பாள். மத்தியானம் அவள் தூங்கும்போது நான் அதைப் பார்த்து மையால் நல்ல தாளில் பிரதி எடுப்பேன். முதல் நாலு பாடத்தில் எந்தச் சிக்கலும் இல்லை. ஐந்தாம் பாடத்தில் ஒரு பெருக்கலில் மிச்சம் கூட்ட மறந்திருந்தாள். இது அவளுக்குத் தெரிந்ததுதான், காய்ச்சல் பிள்ளை, கவனப் பிசகு என்று நினைத்து நானே கூட்டி எழுதினேன். ஒரே ஒரு எண். ஆறாம் பாடத்தில் இங்கிலீஷில் ஒரு எழுத்து. ஏழாவதில் ஒரு வாக்கியம். நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதியிருந்தாள்; நேற்றுக்கு மாற்றினேன். நான் பொய் செய்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தலை வாரும்போது வகிடு கோணினால் திருத்துவதில்லையா, அப்படி.

தசமப் புள்ளி வந்தது. எனக்கே அது அரைகுறை. நான் படித்தது சேர், மணங்கு, கஜம். புது மீட்டர் கணக்கு எனக்கும் புதுசு. அடுப்படியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் முதலில் படித்து, பிறகு அவளுக்குச் சொல்வேன். இரண்டு புள்ளி ஐந்து மீட்டர் துணியோடு பூஜ்யம் புள்ளி ஏழு ஐந்து மீட்டர் துணியைச் சேர்த்தால் எவ்வளவு என்று ஒரு கணக்கு. எஸ்தர் ரஃப் நோட்டில் ஒரு மீட்டர் என்று எழுதி, கீழே அழகாக இரட்டைக் கோடும் போட்டிருந்தாள். நான் பிரதியில் மூன்றேகால் மீட்டரை எழுதினேன். இரட்டைக் கோட்டை மட்டும் அவளுடையது போலவே போட்டேன்.

மதராஸில் எங்கள் தாள்களைத் திருத்தியவர் பச்சை மையில் எழுதுவார். கையெழுத்து என்று ஒரு சுழி இருக்கும், பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. நாங்கள் ‘பச்சை மை’ என்றே சொல்வோம். பச்சை மை பத்துக்கு ஒன்பது போட்டார், பத்துக்குப் பத்துப் போட்டார், ‘வெரி குட், எஸ்தர்’ என்றார். சுவரில் கட்டம் கட்டமாகச் சீட்டு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்ததும் அட்டையைக் கழற்றிக் கையில் கொடுப்பேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் தெரியும்.

“பத்துக்குப் பத்தா?”

“ஆமா அண்ணி.”

“ஹூம். அப்பன் புத்தி,” என்பார். அந்த ‘ஹூம்’ எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

பதினாலு பாடம் இப்படிப் போயிற்று. பிப்ரவரியில் வந்த கட்டில் பச்சை மையில் வழக்கமான பாராட்டு இல்லை. நாலே வரி. தாள்கள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. அடுத்த முறை பதில்களோடு ரஃப் நோட்டையும் சேர்த்து அனுப்பவும்.

நான் அந்தத் தாளை மடித்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். அன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மறுநாள் மத்தியானம் எஸ்தர் கண்ணை மூடியதும், ஒரு புது நோட்டு எடுத்து, பென்சிலைச் சீவி, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை எழுதுவது போலக் கோணல்மாணலாக ரஃப் கணக்குகளை எழுத ஆரம்பித்தேன். ஆமாம், நானேதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் முன்வரிசையில் உட்கார்ந்து ஜெபம் சொல்லுகிறவள்தான்.

“அம்மா.”

திரும்பினேன். எஸ்தர் விழித்துக்கொண்டு, தலையணையில் சாய்ந்து என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஏழ அப்படிப் போட மாட்டேன். நடுவுல ஒரு கோடு போடுவேன். அப்புறம், அதுல எண்ணெயே இல்லியே.”

அவள் கையை நீட்டி, திருத்தி வந்த பிரதித் தாள்களையெல்லாம் வாங்கினாள். ரஃப் நோட்டைப் பக்கத்தில் வைத்தாள். ஒரு தாள் பார்ப்பாள், நோட்டைப் பார்ப்பாள். அவள் அப்பா சாமானைத் தட்டில் போடுவது போலவே, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து வைத்தாள். ஒரு பக்கம் உயர்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் நிமிர்ந்து கேட்டாள்.

“அப்ப அந்த வெரி குட் எல்லாம் உனக்கா?”

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “உனக்குத் தெரிஞ்சதுதான் கண்ணு, கவனப் பிசகு...” என்று ஆரம்பித்தேன். அவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்தச் சுவரில்தான் அட்டை இருந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள். இங்கே நான் இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்து யோசித்தார்.

“தப்பு பீஸ நீயே அரத்தால ராவி, நீயே பாஸ் முத்திரையும் குத்தியிருக்க,” என்றார். “ஃபாக்டரில இத யாராவது செஞ்சா வேலை போயிடும். ஏன் தெரியுமா? மெஷின் எங்க கெட்டிருக்குன்னு அப்புறம் யாருக்கும் தெரியாது.”

“இப்ப என்ன பண்றது?”

“என்ன ஏன் கேக்கற? அவளக் கேளு.”

எஸ்தர் ராத்திரி கஞ்சி குடிக்கும்போது சொன்னாள். “என் நோட்டயே அனுப்பு. எண்ணெயோட.”

அனுப்பினேன். கூட இங்கிலீஷில் ஒரு கடிதம், நாலு தடவை எழுதிக் கிழித்து ஐந்தாம் தடவை எழுதியது. தபாலில் போட்டுவிட்டு வந்து, ‘வருந்துகிறேன்’ என்பதை ஒரு தடவை எழுதினேனா இரண்டு தடவையா என்று யோசித்து யோசித்து மூன்று நாள் தூக்கம் கெட்டது. ஜூனுக்கு நாலு மாதம்கூட இல்லை. பாடசாலையிலிருந்து நீக்கிவிடுவார்களோ, ஹெட்மிஸ்ட்ரஸுக்கு எழுதிவிடுவார்களோ, ‘பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்’ என்று நாத்தனார் சொல்வாரோ என்று பயம் வரிசையில் நின்றது.

பத்தாம் நாள் ஜன்னல் வழியாகக் கட்டு வந்தது. பச்சை மை எழுதியிருந்ததை எஸ்தருக்குத் தமிழில் சொன்னேன். ‘ரஃப் நோட்டை எண்ணெய்த் திட்டுகள் உட்பட முழுவதும் பார்த்தேன். முதல் நான்கு பாடங்கள் எஸ்தருடையவை, அவை நன்றாகவே உள்ளன. ஐந்தாம் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கட்டும். புது அட்டை இணைத்துள்ளேன். இனி அவள் பென்சிலாலேயே எழுதி அனுப்பலாம், அடித்தல் திருத்தல் இருந்தாலும் சரி. ஐந்து முதல் பதினான்கு வரை எழுதியவர் தசமப் பின்னத்தில் தேறியிருக்கிறார். விருப்பமிருந்தால் அவர் பதினைந்தாம் பாடத்திலிருந்து தொடரலாம். தனிக் கட்டணம் இல்லை.’

எஸ்தர் முதலில் புரியாமல் விழித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “அம்மா பாஸ்! அம்மா பாஸ்!” என்று கட்டிலைத் தட்டினாள். இதயத்துக்கு ஆகாது, மெதுவாகச் சிரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் அவளைத் திருத்தாமல் விட்ட முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

புது அட்டையில் நாலு கட்டம் மட்டும் நிரம்பியிருந்தது. இருபது கட்டம் வெறுமை. எஸ்தர் சட்டம் போட்டாள். அவள் எழுதும்போது நான் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் கை இரண்டும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்க வேண்டும். கை சும்மா இருந்தால் அது பென்சிலைத் தேடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயும் கூடாது. நான் ‘ம்’ என்று சொல்வதில்கூடச் சரியான ம்முக்கும் தப்பான ம்முக்கும் வித்தியாசம் இருக்கிறதாம்.

ஐந்தாம் பாடத்துக்குப் பத்துக்கு நாலு வந்தது. அவள் அந்தச் சீட்டைத் தானே ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் அட்டையைப் பார்த்து, “இன்னாது, ஏணி எறங்கிடுச்சி?” என்றார்.

“அது அம்மாவோட ஏணி, அத்தை. இது என்னுது,” என்றாள் எஸ்தர்.

நாத்தனாருக்கு என்ன புரிந்ததோ, மறுபடி காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார்.

ஆறாம் பாடத்துக்கு ஐந்து. ஏழுக்கு ஆறு. தசமப் புள்ளி பாடத்தில் இரண்டு வாரம் நின்றாள். அதே துணிக் கணக்கு. ஒரு நாள் காலையில் என் புடவைத் தலைப்பையும் தன் ரிப்பனையும் கட்டில் சட்டத்தில் நீட்டி வைத்து, அளந்து பார்த்து, “அய்யோ, ரெண்டரை மீட்டர் துணியோட இன்னும் துணி சேத்தா எப்படிம்மா குறையும்?” என்று தன்னைத்தானே கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நான் ஸ்வெட்டரில் இரண்டு கண்ணி தவறவிட்டேன். அன்றைக்குப் பத்துக்குப் பத்து வாங்கியது போல எனக்குள் இருந்தது. மதிப்பெண் என்னவோ ஏழுதான்.

ஏப்ரலில் டாக்டர் அவளை உட்கார அனுமதித்தார். மே மாதத்தில் அறைக்குள் நடக்கலாம் என்றார். ஸ்டெதஸ்கோப்பை இப்போது சீக்கிரம் எடுத்துவிடுகிறார் என்று கவனித்தேன். நான் பதினைந்தாம் பாடத்தையும் பதினாறாம் பாடத்தையும் எழுதி அனுப்பியிருந்தேன், வெட்கத்தோடும் கொஞ்சம் ஆசையோடும். பதினேழாம் பாடத்தில் பரப்பளவு என்னைக் கவிழ்த்துவிட்டது. சமையல், துவையல், கஞ்சி, மாத்திரை இதற்கிடையில் செவ்வகத்தின் பரப்பு எங்கே ஏறுகிறது? எஸ்தர் பின்னாலிருந்து வந்து, பதினேழைப் பிடித்து, தாண்டினாள். “வழி விடும்மா. ஹாரன் அடிச்சிட்டேன்,” என்றாள்.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருந்தது. அவள் பத்தொன்பதாம் பாடத்தில் இருந்தாள். எனக்கு மறுபடி பழைய நோய் வந்தது. காம்பவுண்டில் ஒரு வீட்டுப் பிள்ளையிடமிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். சராசரி என்று ஒரு கணக்கு இருந்தது. சராசரி இருபதாம் பாடம்.

“கண்ணு, இது ரொம்ப ஈஸி. எல்லாத்தையும் கூட்டு, எத்தனை இருக்கோ அதால வகு. அவ்ளோதான்.”

“ஏன் வகுக்கணும்?”

“வகுக்கணும். அவ்ளோதான்.”

“நான் இன்னும் பத்தொம்போது முடிக்கலியே.”

“முடிக்கலன்னா என்ன, டெஸ்ட்ல கேப்பாங்களே.”

“கேட்டா கேக்கட்டும். இப்ப நீ சொல்லி நான் போட்டா, மறுபடி நீ போட்டதாதானே ஆவும்?”

நான் புத்தகத்தை மூடினேன். மூடிவிட்டுக் குழாயடிக்குப் போய் அழுதேன். அந்த ஒரு கணக்கால் போய்விட்டால்? சொல்லிக்கொடுக்காத பாவம் என்னைச் சேருமா, சொல்லிக்கொடுத்த பாவம் சேருமா? எது சரி என்று இன்றைக்கும் கேட்டால் யோசிக்காமல் சொல்லமாட்டேன்.

டெஸ்ட் அன்று அவளை ஜட்கா வண்டியில் கூட்டிப்போனேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்குள் ஒரு தனி மேஜை. வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் இரண்டு மணி நேரம் நின்றேன். கையில் ஸ்வெட்டர் இல்லை, விரல்களைப் பின்னிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் தாள்களை மேஜைமேல் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். இங்கிலீஷில் ஐம்பதுக்கு நாற்பது. கணக்கில் முப்பத்தொன்று. பாஸ் மார்க்குக்கு மேலே. எனக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. அவர் ஒரு தாளைத் திருப்பி என் முன் வைத்தார். ஒரு கணக்குக்குக் கீழே இடம் வெறுமையாக இருந்தது. அதில் பென்சிலால், கோணல் எழுத்தில், இங்கிலீஷில் இரண்டு வரி. ‘இது இருபதாம் பாடம். நான் பத்தொன்பதாம் பாடத்தில் இருக்கிறேன்.’

“மிஸ், அந்தக் கணக்க நான்தான் சொல்லிக் குடுக்காம...” என்று ஆரம்பித்தேன். என் புடவையைக் கீழேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

“ம்மா. சும்மா இரு.”

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துவிட்டார். “எத்தனையோ வருஷமா பேப்பர் திருத்துறேன்மா. தெரியாத கணக்குன்னா எதையாவது எழுதி ரொப்பிட்டுப் போவாங்க. ‘நான் இன்னும் இங்கதான் இருக்கேன்’னு கரெக்டா இடம் சொல்லி எழுதின பிள்ளை இவதான்.” பிறகு எஸ்தரைப் பார்த்து, “அஞ்சாவது பி. மாடி ஏற வேணாம், கீழ் க்ளாஸ்தான். சராசரி நான் நடத்துறேன், வா,” என்றார்.

வெளியே வந்து ஜட்காவில் உட்கார்ந்ததும் நான் அந்தத் தாளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு மார்க்கு எனக்குச் சந்தோஷம் கொடுத்தது. அந்த வெற்று இடம்தான் பெருமை கொடுத்தது. இன்றுவரை கொடுக்கிறது. பத்துக்குப் பத்து வாங்கிய நான் அப்படி ஒரு இடத்தை விட்டிருக்கமாட்டேன்.

பாஸான செய்தியைப் பச்சை மைக்கு எழுதினேன். பதில் வந்தது, மீதிப் பாடங்களும் வந்தன. எஸ்தர் ஆகஸ்டுக்குள் முடித்தாள். நான் தட்டுத்தடுமாறிப் பதினெட்டு வரை வந்து நின்றேன். அடுத்த வருஷம் அவளுக்குத் தம்பி பிறந்தான். செவ்வகங்கள் போயே போயின. அவன் நடக்க ஆரம்பித்தபோது மீண்டும் தொடங்கலாமா என்று கேட்டு மதராஸுக்கு எழுதிப்பார்த்தேன். விலாசத்தில் யாரும் இல்லை என்று கவர் திரும்பி வந்தது. பெயர்கூடத் தெரியாத ஒருவரை எங்கே போய்த் தேடுவது? பிரேசர் டவுன் காம்பவுண்டை இடித்துவிட்டார்கள். நாங்கள் ஃபாக்டரிக்குப் பக்கத்தில் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டோம். இங்கே தபால் வாசல் கேட்டோடு நின்றுவிடுகிறது. ஜன்னல் வழியாக யாரும் பள்ளிக்கூடத்தை நீட்டுவதில்லை. நாத்தனார் மட்டும் இன்னும் வருகிறார். கலெக்டரம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வருகிறார்.

கலெக்டரம்மா இப்போது ஒன்பதாவது. உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். மேஜையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை வைத்துக் கணக்குப் போடுகிறாள். நேற்று காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, “எங்க இருக்க இப்போ?” என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தாள். என்னைச் சிறுமைப்படுத்த அவளுக்குத் தெரியாது. கொஞ்சம் யோசித்து, “சொன்னா உனக்குப் புரியாதேம்மா,” என்று வருத்தத்தோடுதான் சொன்னாள்.

அந்த வருஷம் என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டிருந்தால்கூட, எஸ்தர் எந்தப் பாடத்தில், எத்தனையாவது கணக்கில், எந்த வரியில் நிற்கிறாள் என்று சொல்லியிருப்பேன். அப்படி ஒரு எண் எப்போதும் என் கையில் இருந்தது. இப்போது இல்லை. யாராவது கேட்டால், ஒன்பதாவது என்று மட்டும் சொல்கிறேன். அதில் எங்கே என்பது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.